நாற்காலியின் முன் வலது கால்

உட்காருங்கள் அக்கா. முதலில் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பத்திரண்டு படி, புதிதாக வருகிற யாருக்கும் வாங்கத்தான் செய்யும். இந்தாருங்கள் தண்ணீர். ஆய்வகத்துத் தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பயப்படாமல் குடிக்கலாம்.

மேடம் என்று சொல்ல வேண்டாம். நான் இங்கே கௌரவ விரிவுரையாளர்தான். ஒவ்வொரு ஜூனிலும் இருக்கச் சொல்வார்களா, போகச் சொல்வார்களா என்று ஆபீஸ் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவள். பெயர் குருவம்மாள். பிரின்சிபால் அனுப்பினார்களா? சரி, ஃபாரத்தைக் காட்டுங்கள்.

மீனலோசனி. நல்ல பெயர். ப்ளஸ் டூவில் ஐந்நூற்று எழுபத்தெட்டா? அடேயப்பா. நான் ஐந்நூற்று முப்பத்தொன்று. வேப்ப மரத்தடியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதானே? இந்த ஜன்னலிலிருந்து தெரிகிறாள். உங்களை மட்டும் மேலே அனுப்பிவிட்டுக் கீழே எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், வாய் தவறி வந்துவிட்டது.

'பிறவி இருதயக் கோளாறு உள்ள இம்மாணவி இரண்டாம் மாடியிலுள்ள வேதியியல் ஆய்வகத்துக்குப் பாதுகாப்பாக வந்துபோவதற்கு நான் பொறுப்பேற்கிறேன்.' கீழே துறை ஆசிரியர் கையெழுத்து. மூன்று மணிக்குள் ஆபீஸில் கொடுத்தால்தான் சீட்டு. இந்தக் கையெழுத்துக்குத்தானே ஏறி வந்தீர்கள்?

போடுவதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் பிரின்சிபால் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இதே வியாதியோடு இங்கே ஒரு பெண் படித்தாள், பெயர் சங்கரகோமதி, யுனிவர்சிட்டியில் ரேங்க் வாங்கினாள், குருவம்மாள் அவளுடைய உயிர்த்தோழி, மூன்று வருஷம் நாற்காலியில் வைத்து மாடிக்குத் தூக்கினாள், அவளைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். தூக்கினேன். ஒரு நாள் தவிர.

அந்த ஒரு நாளைக் கேட்டுவிட்டு ஃபாரத்தை நீட்டுங்கள். இங்கே யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. நீங்கள் இறங்கிப் போய் பிரின்சிபாலிடம் சொன்னால் இந்த ஜூனோடு என்னை அனுப்பிவிடுவார்கள். அதுவும் தெரிந்துதான் சொல்கிறேன். என் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இந்த வேலையும் போனால் தம்பி தங்கச்சி இரண்டு பேருடைய படிப்பும் நிற்கும். சரி, அது உங்கள் கவலை இல்லை.

நாங்கள் அவளைக் கோமு என்றுதான் கூப்பிடுவோம். பிறக்கும்போதே இருதயத்துக்குள் ஓட்டை. நுரையீரலுக்குப் போகிற குழாயும் சுருங்கியிருந்ததாம். கைக்குழந்தையாக இருக்கும்போது ஓர் ஆபரேஷன். பெரிய ஆபரேஷன் பின்னால் செய்யலாம் என்றார்கள். பின்னால், பின்னால் என்று கல்லூரி வரைக்கும் வந்துவிட்டாள். உதடு எப்போதும் நாவல் பழம் தின்ற மாதிரி இருக்கும். பத்தடி வேகமாக நடந்தால் சட்டென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள், வராண்டா என்றும் பார்க்க மாட்டாள், பிரின்சிபால் எதிரே வருகிறார் என்றும் பார்க்க மாட்டாள். அப்படி உட்கார்ந்தால்தான் மூச்சு சரியாகும். உங்கள் மகளும் அப்படித்தானா? தெரியும்.

சேர்ந்த நாலாவது நாளே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது அக்கா. எங்கள் வகுப்பு முதல் மாடியில் இருந்தது. ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, ஃபேனுக்கு நேர் கீழே, ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஃபேன் ஓடினால் காற்று வராது, சத்தம்தான் வரும். அதனால் அந்த இடம் எனக்குப் பெரிது. நாலாவது நாள் வகுப்பைக் கீழே மாற்றிவிட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டின அறை. கோமு படியேற முடியாது என்பதால் நாற்பது பேரும் இறங்கினோம். அங்கே ஃபேனுக்குக் கீழே இருந்த இடம் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டாம். மூச்சு முட்டுகிற பிள்ளைக்குக் காற்று வேண்டும். நியாயம்தான். நியாயம் இல்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவள் பக்கத்தில் யாராவது ஒருத்தி எப்போதும் இருக்க வேண்டும் என்று எங்கள் துறைத்தலைவர் வசந்தகுமாரி மேடம் சொன்னார்கள். வகுப்பைச் சுற்றிப் பார்த்து, "குருவம்மா, நீ பொறுப்பான பிள்ளை, நீ உட்காரு" என்றார்கள். பொறுப்பான பிள்ளை என்றால் என்ன அர்த்தம்? வேலைக்குப் பழகின பிள்ளை என்று அர்த்தம். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறாள். சட்டத்துக்குள் ஒவ்வொரு குச்சியாக வரிசையாக அடுக்க வேண்டும். எனக்கு ஆறு வயதிலிருந்து அது தெரியும். அந்தக் கையைத்தான் மேடம் பார்த்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. கோமுவுக்கு உப்பு ஆகாது. டாக்டர் அளந்து சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் எதிரே ஊறுகாய் டப்பாவைத் திறக்கக் கூடாது, பார்த்தால் ஏங்கிப்போவாள் என்று பிள்ளைகளெல்லாம் சேர்ந்து ஒரு சட்டம் போட்டார்கள். மற்றவர்களுக்குப் பொரியல் இருக்கும், கூட்டு இருக்கும். எனக்கு ஊறுகாய் மட்டும்தான் அக்கா. சோறும் ஊறுகாயும். மூன்று வருஷம் நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன். அவளுடைய அம்மா தினமும் ஒரு மணிக்கு ஸ்கூட்டரில் சுடச்சுடக் கொண்டுவருவார்கள். தட்டில் போட்டு, ஆற வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே அதையும் பார்ப்பேன்.

என் அம்மாவா? இல்லை அக்கா, இதுவரை வந்ததில்லை. பட்டமளிப்பு அன்றைக்கும் வரவில்லை, ஆபீஸில் லோடு ஏற்றுகிற நாள். நீங்கள் இந்த ஐம்பத்திரண்டு படியையும் ஏறி வந்து வேர்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கீழே இருக்கிற பிள்ளை மேல் எனக்கு இப்போதே கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நாற்காலிக்கு வருகிறேன். வகுப்பைக் கீழே மாற்றலாம், ஆய்வகத்தை மாற்ற முடியுமா? வாரம் இரண்டு நாள் பிராக்டிகல். நாலு பேர் சேர்ந்து நாற்காலியில் தூக்கலாம் என்று முடிவானது. முதலில் பிளாஸ்டிக் நாற்காலி. மூன்றாவது தடவை பாதிப் படியில் ஒரு கால் மடங்கிவிட்டது. நாங்கள் நாலு பேரும் பயந்து அழுதோம். கோமு படியில் சரிந்து கிடந்து சிரிக்கிறாள், மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறாள். "சாமி ஊர்வலத்துல சப்பரம் சாஞ்சா ஊருக்கு ஆகாதுடி" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு சப்பரம் தூக்கிகள் என்று பெயர் வந்துவிட்டது. அப்புறம் ஆபீஸ் ரூமிலிருந்து கை வைத்த மர நாற்காலி கொடுத்தார்கள். அது என்ன கனம் என்று தூக்கினவர்களுக்குத்தான் தெரியும்.

படியில் ஏறும்போது பின்னால் பிடிப்பவர்கள் தோள் வரைக்கும் உயர்த்த வேண்டும். முன்னால் பிடிப்பவர்கள் குனிய வேண்டும். நான் குட்டை, அதனால் முன்னால். முன் வலது கால் என்னுடையது. இடது கால் ஜெயசுதாவுடையது. பின்னால் உயரமான இரண்டு பேர். கோமு மேலே உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவாள். "குருவு, உன் பக்கம் தாழுது. காலையில சாப்பிட்டியா இல்லையா?" சாப்பிட்டிருக்க மாட்டேன். அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்ததே இல்லை. எல்லார் எதிரிலும் சொல்கிறாளே என்றுதான் இருக்கும். நாற்காலிக் கையைப் பிடித்திருக்கும் அவளுடைய விரல்கள் என் முகத்துக்கு நேரே இருக்கும். நுனி உருண்டு, நகம் நீலமாக. மூன்று வருஷம் அந்த நகங்களைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். நிறம் கொஞ்சம் மாறினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு தடவை அவள் என்னிடம், "நீ இறங்கும்போது ரெண்டு ரெண்டு படியாத் தாவுறியே, அதப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுடி" என்றாள். சும்மா சொன்னாள். வசதி இருக்கிறவர்கள் எல்லாரும் அப்படி எதையாவது சொல்லி வைப்பார்கள்.

ஆய்வகத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜை. உப்பு ஒன்றைக் கொடுப்பார்கள், அதில் என்ன உலோகம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கோமு ஜன்னல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். பாட்டில் எடுப்பது, கழுவுவது, அடுப்பில் காட்டுவது, அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற வாயுவைப் பிடித்துவருவது எல்லாம் நான். அவள் பார்த்துக்கொண்டேயிருந்து சொல்லிவிடுவாள். கம்பியில் உப்பைத் தொட்டு நெருப்பில் காட்டினால் கால்சியமும் சிவப்பாக எரியும், ஸ்ட்ரான்சியமும் சிவப்பாக எரியும். எங்கள் எல்லாருக்கும் அதில் குழப்பம் வரும். அவளுக்கு வராது. "இது செங்கல், அது ரத்தம். இதுகூடத் தெரியலையா?" என்பாள். கை என்னுடையது, மார்க் அவளுடையது. இல்லை, எனக்கும் அதே மார்க்தான் போட்டார்கள். ஆனால் மேடம் முகத்தில் வருகிற சிரிப்பு அவளைப் பார்த்துத்தான் வரும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கீழே நுழைவாசலில் தேக்குப் பலகை பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வருஷமும் துறைக்கு ஒரு பெயர், முதல் மாணவி, தங்க நிறத்தில் எழுதுவார்கள். என் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்தப் பலகை முன்னால் அவளைக் கொண்டுவந்து நிறுத்தி, இங்கே படி என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான். ஐந்து செமஸ்டர் முடிந்தபோது கோமு என்னைவிட மூன்று மார்க் முன்னால் இருந்தாள். மூன்றே மூன்று. கடைசி பிராக்டிகலில் அவள் கொஞ்சம் தடுமாறினால் போதும்.

வளாகத்துக்குள் செல்போன் கூடாது. வாட்ச்மேன் அறையில் ஒரு லேண்ட்லைன் உண்டு. காலையில் கோமுவின் அப்பா அதில் கூப்பிட்டு, மகள் வருகிறாளா இல்லையா என்று சொல்வார். வாட்ச்மேன் அண்ணாச்சி என்னிடம் சொல்வார், நான் மற்ற மூன்று பேரிடம் சொல்வேன். வருகிறாள் என்றால் நாற்காலியோடு படிக்குக் கீழே நிற்போம். மூன்று வருஷமும் இப்படித்தான் நடந்தது. என் வார்த்தையை யாரும் மறுபடி விசாரித்ததில்லை. பொறுப்பான பிள்ளை இல்லையா?

பரீட்சை நாள். மற்ற வகுப்புகளுக்கெல்லாம் விடுமுறை, கட்டடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. எட்டரைக்கு அண்ணாச்சி, பிள்ளை கிளம்பிவிட்டது, அப்பா இப்போதுதான் போன் போட்டார் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஜெயசுதா நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, கெளம்பிட்டாளா?"

"இல்ல. நைட்டு மூச்சு முட்டி மதுரைக்குக் கொண்டுபோயிட்டாங்களாம். வரமாட்டா."

முன்னாலேயே யோசித்து வைத்தது இல்லை அக்கா. அந்தப் படிமேல் சத்தியமாகச் சொல்கிறேன். மதுரையும் மூச்சு முட்டலும் எப்படி என் வாயில் வந்தன என்று எனக்கே தெரியாது. ஆனால் வந்த பிறகு திருப்பி எடுக்கவில்லை. அதற்கு நேரம் இருந்தது. கால் மணி நேரம் இருந்தது.

மூன்று பேரும் அழுதார்கள். மேலே போனதும் ஜெயசுதா கோமுவின் ஸ்டூலில் திருநீறு பூசிக் கும்பிட்டாள். அதைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வந்தாலும் இவள்தான், வராவிட்டாலும் இவள்தானா என்று தோன்றியது.

நான் என்ன நினைத்தேன் என்றால், அப்பா எப்போதும்போல கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார், அவள் வருவாள், கீழே யாரும் இல்லாததைப் பார்ப்பாள், திரும்பிப் போய்விடுவாள். அல்லது உட்கார்ந்திருப்பாள். அரை மணி நேரம் தாண்டினால் உள்ளே விட மாட்டார்கள். அவ்வளவுதான். ஏறுவாள் என்று நினைக்கவில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

தேர்வு தொடங்கிவிட்டது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கண்ணாடி போட்டவர், நடந்துகொண்டிருக்கிறார். பரீட்சைக்கு எனக்குக் கொடுத்த மேஜை கதவுக்குப் பக்கத்தில், அதோ அது. கம்பியில் உப்பைத் தொட்டு நெருப்பில் காட்டினேன். சிவப்பு. அப்போது படியில் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் மூன்று. அப்புறம் ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இரண்டு. அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒன்று. மற்ற யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அவள் எத்தனையாவது படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று கூட எனக்குத் தெரிந்தது. எழுந்து போயிருக்கலாம். பத்தடி. ஜெயசுதாவைக் கூப்பிட்டிருக்கலாம். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செங்கல்லா, ரத்தமா? கை நடுங்கியது. கால்சியம் என்று எழுதினேன்.

தேர்வு தொடங்கி இருபத்தைந்தாவது நிமிஷம் வாசலுக்கு வந்தாள். நிலையைப் பிடித்து அப்படியே சரிந்து குத்துக்காலில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் கருத்துப் போயிருந்தது. தேர்வாளர் பதறிப்போனார். அவள் ஒரு கையை உயர்த்தினாள், கொஞ்சம் பொறுங்கள் என்கிற மாதிரி. வசந்தகுமாரி மேடம் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்து எங்கள் நாலு பேரையும் பார்த்து, எங்கேடி போனீர்கள் என்று கத்தினார்கள். ஜெயசுதா என்னைப் பார்த்தாள். மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

கோமுவுக்குப் பேச்சு வருவதற்கே நேரமானது. "நாந்தான் மேடம், லேட்டா வருவேன்னு சொல்லியனுப்பினேன். இவங்க மேல தப்பில்ல."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "டெஸ்ட் டியூப் கழுவி வெச்சிருக்கியாடி?" என்றாள்.

வைத்திருந்தேன் அக்கா. அன்று காலையில் மேலே வந்ததும் இரண்டு செட் கழுவி வைத்திருந்தேன். கை பழகிப்போய்விட்டது, வேறொன்றுமில்லை.

அவளுக்கு ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. எனக்கு வந்தது ஸ்ட்ரான்சியம். முப்பத்தைந்து போட்டார்கள். எழுத்துத் தேர்வில் நான் அவளைவிடப் பதினொன்று அதிகம் அக்கா. நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, நூறு தடவை. அன்றைக்கு எப்போதும்போல அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, நடுங்காத கையோடு என் உப்பைப் பார்த்திருந்தால், பலகையில் இருப்பது என் பெயர்.

மற்ற மூன்று பேரும் தகவல்தான் மாறி வந்துவிட்டது என்று நம்பிவிட்டார்கள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணாச்சியிடமாவது விசாரித்திருப்பாள், தெரிந்திருக்கும். ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஏதோ ஒன்று முடிந்திருக்கும். மன்னிக்கிற இடத்தில் போய் அவள் உட்கார்ந்துகொண்டாள். அங்கேயும் நான்தான் கீழே.

எட்டு மாதம் கழித்து சென்னையில் பெரிய ஆபரேஷன். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டினாள். நர்ஸ் ஒருத்தி மலையாளத்தில் கொஞ்சுகிறாள் என்றாள். எம்.எஸ்ஸி. எப்படிப் போகிறது என்று கேட்டாள். அப்புறம், "உனக்கு அன்னைக்கு ஸ்ட்ரான்சியம் வந்துச்சாமே. நான் கொஞ்சம் முன்னாடியே மேல வந்திருந்தா, பார்த்துக் கண்ணைக் காட்டியிருப்பேன்" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு அவ்வளவு கோபம். நாளைக்கு நெஞ்சைப் பிளக்கப்போகிறார்கள், இன்றைக்கும் எனக்குச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இருக்கிறாளே என்று. நான்காவது நாள் போய்விட்டாள். இருபத்திரண்டு வயது.

படி ஏறியதால் இல்லை. நீங்கள் கேட்க நினைக்கிறீர்கள், கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன். எங்கள் ஊருக்கு மருத்துவ முகாம் வந்தபோது ஓர் இருதய டாக்டரிடம் யாரோ எவருக்கோ நடந்த மாதிரி கேட்டேன். அன்றைக்கு எவ்வளவு ஆபத்தோ அவ்வளவும் ஆபத்துதான், ஆனால் எட்டு மாதம் கழித்து நடந்ததற்கு அது காரணம் ஆகாது என்றார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதிதான். உடனே ஒரு டீ குடித்தேன் என்றும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது வருஷாவருஷம் அவள் பெயரில் துறையில் ஒரு பரிசு. அவளுடைய அம்மா மேடையில் கொடுப்பார்கள். அவளைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசுவது நான். உயிர்த்தோழி என்று கூப்பிடுவார்கள். நான் நன்றாகப் பேசுகிறேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உயிரோடு இருப்பவளை ஒரு நாள் முந்தலாம். இவளை என்ன செய்வது? வயதுகூட ஏறவில்லை, மார்க்கும் குறையப்போவதில்லை.

சரி. இதுதான் பிரின்சிபால் சொன்ன குருவம்மாள். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் மகள் படிக்கட்டும், இங்கேயே படிக்கட்டும். நாற்காலி இருக்கிறது, தூக்கப் பிள்ளைகள் வருவார்கள். ஆனால் காலையில் தகவல் ஒருத்தி வாய் வழியாகப் போகக் கூடாது. நாலு பேருக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். கையெழுத்துக்கு அடுத்த அறையில் புவனேஸ்வரி மேடம் இருக்கிறார்கள். நிரந்தரப் பேராசிரியர், தங்கமான மனசு. அவர்களிடம் வாங்குங்கள்.

என்ன சொன்னீர்கள்? அவங்ககிட்டயே வாங்கிக்கிறேன் என்றா? சரி. அதுதான் சரி. நானே சொன்னதுதானே. பார்த்துப் போங்கள், வாசலில் ஒரு நிலைப்படி இருக்கிறது.

அக்கா.

ஒரு நிமிஷம் நில்லுங்கள். புவனேஸ்வரி மேடம் நல்லவர்கள், இல்லையென்று சொல்லவில்லை. அவர்களுக்கு யார் மேலும் பொறாமை கிடையாது. அதனால் அவர்கள் யாரையும் உற்றுப் பார்ப்பதும் கிடையாது. உங்கள் மகள் எந்தப் படியில் நின்றாள், காலையில் நகம் என்ன நிறம், எந்தப் பிள்ளை அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள், யார் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள், இதெல்லாம் அவர்கள் கண்ணில் படாது. எனக்குப் படும். கோமுவை நான் பார்த்த மாதிரி அவளுடைய அம்மாகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே என்னை மாதிரி ஒருத்தி இருந்தால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

அதோடு, எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் அவர்களிடமே வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னதும் எரிச்சலாக வந்தது. மூன்று வருஷம் இந்தப் பிள்ளை அவர்கள் பொறுப்பா என்று. இப்படித்தான் அக்கா நான். இதை மறைத்துவிட்டு நல்லவள் மாதிரி கேட்க எனக்குத் தெரியவில்லை.

பேனா இருக்கிறது. ஃபாரத்தைக் கொடுங்கள்.

யோசியுங்கள், மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஜன்னலில் பாருங்கள், உங்கள் மகள் மேலேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படி மேஜைமேல் வையுங்கள். விடுங்கள் அக்கா. அந்த ஓரத்தை நீங்கள் விட்டால்தானே நான் கையெழுத்துப் போட முடியும்.